ராவுத்தர் பார்த்த கரண்டிமூக்கு உள்ளான்

ஷரபுதீன் ராவுத்தரைப் பொய்க்காரர் என்று யாரும் சொன்னதில்லை. நடந்ததை அவர் சொல்லும்போது அது வாயிலேயே கொஞ்சம் வளர்ந்துவிடும், அவ்வளவுதான். பெரிய வெள்ளத்தில் அவருடைய சைக்கிள் மிதந்து போய் ஒரு தென்னை மரத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டதும், அவர் நீந்திப் போய் அதில் ஏறி உட்கார்ந்து ஆயர் தாவார் டவுன் வரைக்கும் மிதித்துக்கொண்டே வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தென்னை மரமும் கூடவே வந்ததா என்று ஒருவர் கேட்டார். பாதி வழி வந்தது, அதற்கு மேல் அதற்கு வேலை இருந்தது என்றார் ராவுத்தர். முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை.

அவருக்குத் தொழில் கருவாடு. கடலோரத்தில் மீன்காரர்கள் குடியிருக்கும் கம்போங்கில் வாங்கி, சைக்கிளின் பின்னால் இரண்டு கூடைகளில் கட்டிக்கொண்டு, ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக விற்பார். ஆறாங்கட்டைத் தோட்டத்துக்கு அவர் வருவதை மணியடித்துச் சொல்ல வேண்டியதில்லை. காற்று முன்னாலேயே வந்து சொல்லிவிடும்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஐயாவு மட்டும் அவரிடம் கருவாடு வாங்குவதில்லை. அவர் வாங்குவது குருவிச் சேதி. கடலோரச் சேற்றில் இந்த வாரம் என்ன இறங்கியிருக்கிறது, வடக்கேயிருந்து உள்ளான் கூட்டம் வந்துவிட்டதா, ஆலாக்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்று ராவுத்தர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஐயாவு தூரக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார். சீமைக்குத் திரும்பிய பழைய துரை ஒருவர் விட்டுவிட்டுப் போன கண்ணாடி அது. ஒரு குழலில் பூஞ்சணம் பிடித்திருந்ததால் பறவைகளெல்லாம் ஒரு கண்ணுக்குப் பனியிலும் மறு கண்ணுக்கு வெயிலிலும் நிற்கும். தின்கிற எண்ணமும் சுடுகிற எண்ணமும் இல்லாமல் குருவி பார்க்கிற மனிதர்கள் அந்த வட்டாரத்திலேயே இவர்கள் இரண்டு பேர்தான்.

ஐயாவு பொய்யே பேசாதவர். மருந்து கசக்குமா என்று நோயாளி கேட்டால், ரொம்பக் கசக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கச் சொல்வார். ராவுத்தர் சொல்வதில் முக்கால் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புவது அவர் வழக்கம். ராவுத்தருக்கு அதில்தான் தீராத வருத்தம்.

"ஒரே ஒரு தடவை கழிக்காம நம்புங்களேன் டிரசரே."

"ஒரே ஒரு தடவை கழிக்க வேண்டாத மாதிரி சொல்லுங்களேன் ராவுத்தரே."

வெள்ளம் வடிந்த மறுமாதம் அந்தத் தடவை வந்தது. ராவுத்தர் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து நின்றார். கூடையைக்கூட இறக்கவில்லை.

"ஒரு குருவி பாத்தேன். உள்ளான் சாதி. சிட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. மூக்கு கறுப்பு. மூக்கு நுனி மட்டும் வெத்தலைப் பெட்டியில வெச்சிருப்பாங்களே சுண்ணாம்புக் கரண்டி, அது மாதிரி தட்டையா விரிஞ்சிருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லே."

"பேசிச்சா?"

"இல்லே."

"உங்க கூடையில ஏதாவது கேட்டுச்சா?"

"குருவி என்னத்தைக் கேக்கும் டிரசரே?"

ஐயாவு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ராவுத்தர் வாயிலிருந்து வளராமல் வந்த முதல் சேதி அது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடலோரச் சேற்றில் நிற்கும் பாக்காவ் மரங்களின் வேர்களுக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தக் குருவி தண்ணீரின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கைச் சேற்றில் வைத்து, குழம்பைக் கலக்குவது போல இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே ஓடியது. நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் கரண்டி தெளிவாகத் தெரிந்தது. ஐயாவு கண்ணாடியை இறக்கவே இல்லை. கடைசியில் இறக்கியபோது பனிக்குழல் பக்கத்துக் கண் மட்டுமல்ல, மற்றதும் கலங்கியிருந்தது.

"நம்புறேன் ராவுத்தரே," என்றார். "முழுசா நம்புறேன்."

ராவுத்தருக்கு நெஞ்சு நிறைந்ததில், கரையில் சாய்த்திருந்த சைக்கிள்கூடக் கொஞ்சம் தரையை விட்டு எழும்பியது. ஐயாவு அவர் கையைப் பிடித்தார்.

"ஆனா இதை வெளியில விடக்கூடாது. தொரை காதுக்குப் போச்சுன்னா சுட்டுருவாரு. பங்குனி வரைக்கும் இது இங்கதான் மேயும். அதுவரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டு இருங்க."

தோட்டத்தை நடத்தும் இப்போதைய துரையும் குருவி பார்க்கிறவர்தான். ஆனால் கண்ணால் பார்த்தது அவர் கணக்கில் சேராது. சுட்டுக் கீழே தள்ளி, குடலை எடுத்து, கண்ணில் பஞ்சு வைத்து, காலில் சீட்டுக் கட்டி, இழுப்பறையில் அடுக்கினால்தான் அது பறவை. புதுப் பறவை ஒன்று கிடைத்த மறுநாள் காலைப் பெரட்டில் ஆளெடுக்கும்போது துரை யாரையும் திட்டமாட்டார். லேட்டாக வந்தவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார். அதனால் தோட்டத்தில் எல்லாருக்குமே குருவிச் சேதி வேண்டியிருந்தது. யாருக்காவது ஒரு கொக்கு கண்ணில் பட்டால்கூட முதல் வேலையாகக் கங்காணியிடம் ஓடுவார்கள். ஒரு முறை சேவல் ஒன்றுக்கு மஞ்சள் பூசிக் கொண்டுபோனார்கள். துரை அதை மேலும் கீழும் பார்த்து, நன்றாக யோசித்துத்தான் திருப்பி அனுப்பினார்.

ராவுத்தர் வாயைக் கட்டிக்கொண்டார். வயிறு உப்பிப் போய்க் கைலியைத் தளர்த்திக் கட்ட வேண்டி வந்தது, ஆனாலும் சொல்லவில்லை. இருந்தும் அந்த வாரமே சேதி பெரட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. துரையின் துப்பாக்கியைத் தூக்குகிற ஆள் பத்துமலை, லயத்துக்கு வந்து ராவுத்தரைக் கையோடு பங்களாவுக்குக் கூட்டிப்போனான்.

துரை தமிழை ரப்பர் மரம் சீவுகிறவர்களிடம் கற்றவர். கவர்னரே வந்தாலும் வாடா என்றுதான் கூப்பிடுவார் என்று பேச்சு.

"வாடா ராவுத்தர். உக்காரு. கரண்டி மூக்கு, நீ பாத்தியா?"

மேசைமேல் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் திறந்து கிடந்தது. துரை ஒரு படத்தில் விரல் வைத்தார். அதேதான். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, சுண்ணாம்புக் கரண்டி.

"இருவது வருசம் நான் இதைத் தேடுறேன். இதா?"

இல்லை என்று சொல்லத்தான் ராவுத்தர் வாயைத் திறந்தார். அதற்குள் துரை ஒரு சின்ன அட்டைத் துண்டை எடுத்துப் பேனாவைத் தொட்டு, "உன் பேர் முழுசா சொல்லு," என்றார். ராவுத்தர் சொன்னார். துரை எழுதினார். ராவுத்தருக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் தன் பெயரை ஒரு மனிதர் அவ்வளவு நிதானமாக, குனிந்து, மூச்சுவிடாமல் எழுதுவதை அவர் அதுவரை கண்டதில்லை.

"சீமையில பெரிய வீடு இருக்கு. குருவி எல்லாம் சீட்டோட அங்க போகும். நீ செத்துப்போவ, நான் செத்துப்போவேன். இந்தச் சீட்டு சாகாது. ராவுத்தர் பாத்தான், ராவுத்தர் சொன்னது நெசம். நூறு வருசம் கழிச்சும் படிப்பாங்க. இப்ப சொல்லு, இதா?"

"ஆமாங்க தொரை," என்றார் ராவுத்தர். "இதேதான்."

துரை அட்டையின் ஓட்டையில் நூலைக் கோத்து ஒரு சுருக்குப் போட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுருக்கு மிகவும் சின்னதாக இருந்தது. ஒரு குச்சிக்கால் நுழையும் அளவு. அது எந்தக் கால் என்று ராவுத்தருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்குக் காலையில," என்றார் துரை. "தண்ணி ஏறுற நேரம். நீ வந்து காட்டு."

ராவுத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஐயாவுக்கும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். பஞ்சும் மருந்துப் பாட்டிலும் எடுத்துக்கொண்டு அவரும் காலையில் வர வேண்டுமாம்.

"இல்லேன்னு ஒரு வார்த்தை, ராவுத்தரே! ஆயுசு பூரா அவுத்துவிட்ட கதையில ஒண்ணே ஒண்ணு, வேணுங்கிற நேரத்துல வராமப் போச்சே!"

"நான் யாருகிட்டயும் மூச்சுவிடல்லே. பெரட்டுக்கு எப்படிப் போச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல."

ஐயாவு ஆஸ்பத்திரியை ஒட்டிய தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். உள்ளேயிருந்து அவர் மனைவி மங்களத்தின் குரல் வந்தது.

"நான் குழாயடியில ஒருத்திகிட்டதான் சொன்னேன்."

"யாருகிட்ட?"

"இருளாயிகிட்ட."

இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இருளாயியிடம் சொன்னது ஈப்போ டவுனில் தண்டோரா போட்டதற்குச் சமம்.

"ராவுத்தர் சொன்னார்னு சொன்னா அவ நம்ப மாட்டா," என்றாள் மங்களம். "அதான் ராவுத்தர் காட்டினார், எங்க வீட்டுக்காரரும் கண்ணால பாத்தார்னு சொன்னேன்."

மறுநாள் காலை நான்கு பேர் பாக்காவ் வேர்களுக்குள் ஒடுங்கியிருந்தார்கள். முன்னால் துரை, மடியில் துப்பாக்கி. அவருக்கு வலப்பக்கம் தோட்டாப் பையோடு பத்துமலை. இடப்பக்கம் ராவுத்தர். பின்னால் ஐயாவு, பஞ்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. கொசுக்கள் நன்றாக வளர்ந்தவை. இரண்டு கொசுக்கள் சேர்ந்து பத்துமலையின் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடித்தன. அவன் அசையவில்லை.

தண்ணீர் ஏற ஏற, சேற்றில் பரவி மேய்ந்த உள்ளான்கள் ஓடி ஓடி மேட்டுக்கு வந்தன. நூற்றுக்கணக்கில். எல்லாம் சாம்பல் முதுகு, எல்லாம் வெள்ளை வயிறு. வலை கட்ட நட்டிருந்த பழைய கழி ஒன்று மேட்டில் நின்றது. கூட்டத்திலிருந்து ஒன்று பிரிந்து, மூக்கை ஒரே ஒரு தடவை இடமும் வலமும் ஆட்டி, அந்தக் கழியின் அடியில் போய் நின்றது. ஒற்றைக் காலைத் தூக்கியது. தலையைத் திருப்பி மூக்கை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிவிட்டது.

ராவுத்தர் பார்த்தார். பின்னால் ஐயாவுவின் மூச்சு நின்றதிலிருந்து அவரும் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. துரை அப்போது தோட்டாவைப் போட்டுக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

"எது?" என்று துரை கிசுகிசுத்தார்.

"தேடுறேன் தொரை."

துரை தன் தூரக்கண்ணாடியை எடுத்தார். அதில் பூஞ்சணம் இல்லை. இடப்பக்கக் கோடியிலிருந்து ஒவ்வொரு பறவையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவசரமே இல்லை. இருபது வருஷம் தேடியவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பெரிதில்லை. கண்ணாடி கழிக்கு வந்தது. நின்றது. ராவுத்தர் பல்லைக் கடித்துக்கொண்டார். கழியடியில் இருந்தது ஒரு சாம்பல் உருண்டை, மூக்கு இல்லை. கண்ணாடி நகர்ந்தது. வலக்கோடி வரை போய், மறுபடி திரும்பத் தொடங்கியது.

இப்போது தண்ணீர் கழியை நெருங்கிக்கொண்டிருந்தது. ராவுத்தர் அந்தச் சின்ன அலையின் விளிம்பையே பார்த்தார். அது காலில் பட்டால் குருவி விழிக்கும். விழித்தால் மூக்கை எடுக்கும். எடுத்தால் முடிந்தது.

கையைத் தட்டிவிடலாமா என்று நினைத்தார். தட்டினால் கூட்டம் பறக்கும். துரை நாளைக்கும் வருவார், மறுநாளும் வருவார், பங்குனி வரைக்கும் வருவார். குருவி இருக்கிறது என்று அவர் நம்புகிறவரை அது பிழைக்காது. அந்த நம்பிக்கையை வாங்கித் தந்தது ஷரபுதீன் ராவுத்தரின் வாய். அதைத் திருப்பி வாங்கவும் அந்த வாயால்தான் முடியும். அப்புறம் அந்த அட்டை இல்லை, பெயர் இல்லை, நூறு வருஷமும் இல்லை.

அலை கழியைத் தொட்டது.

"தொரை," என்றார் ராவுத்தர் மெதுவாக. "இங்க நிக்கிறதெல்லாம் பொடிசு. அது வந்தா நீங்க கண்ணாடி வெச்சுப் பாக்க வேண்டியதில்லே. நின்னா என் இடுப்பு வரும்."

கண்ணாடி நின்றது. "என்னா?"

"இடுப்பு. அன்னைக்குக் கொஞ்சம் குனிஞ்சு நின்னுச்சு. நிமிந்தா நெஞ்சு வரைக்கும் வரும் தொரை."

துரை கண்ணாடியை இறக்கவில்லை. ஆனால் அது ஆடியது. "புஸ்தகத்துல சிட்டு அளவு போட்டிருக்கு."

"புஸ்தகத்துல இடம் பத்தியிருக்காது தொரை. அன்னைக்கு நான் இங்கதான் சட்டி வெச்சுக் கருவாட்டுக் குழம்பு கொதிக்க விட்டுக்கிட்டு இருந்தேன். நேரா வந்துச்சு. கரண்டியை உள்ள விட்டு ஒரு கலக்குக் கலக்கி, ருசி பாத்துச்சு. தலையை ஆட்டிச்சு. உப்புப் பத்தலையாம்."

பத்துமலை தோட்டாப் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். துரை கண்ணாடியை இறக்கி ராவுத்தரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பார்க்காமல் இருக்க யாராலும் முடிந்திருக்காது.

அந்த நேரம் குருவி விழித்தது. துரையின் தோளுக்கு மேலாக ராவுத்தர் பார்த்தார். அது தலையை எடுத்தது. ஈரக்காலை உதறியது. கரண்டி வெயிலில் பளபளவென்று மின்னியது. துரை கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

"உப்புப் போட்டியா?" என்று துரை கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. ராவுத்தர் அந்தக் குரலுக்குப் பயந்தார். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்காமல் தொடர்ந்தார்.

"போட்டேன் தொரை. போடாம விடுமா? மரியாதை தெரிஞ்ச பறவை. சாப்பிட்டு முடிச்சு, கரண்டியைக் கழுவி, தன் சிறகாலேயே தொடைச்சு..."

"டிரசர்!" துரை கத்தவில்லை. ஆனால் கத்தியதுபோல் இருந்தது. "நீ பாத்தேன்னு லயத்துல பேசுறாங்க. நீ பொய் பேச மாட்ட. சொல்லு. நீ பாத்தியா?"

ஐயாவுவின் கையில் பஞ்சு நசுங்கியது. அவர் கண்ணுக்கு நேரே, துரையின் தலைக்குப் பின்னால், குருவி இடமும் வலமும் மூக்கை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தது.

"என் கண்ணாடியில ஒரு பக்கம் பூஞ்சணம் தொரை," என்றார். "ராவுத்தர் சொல்றதுல நான் முக்காவாசி தள்ளிருவேன். தோட்டத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க."

ஒரு சொல்லும் பொய்யில்லை. சொல்லி முடித்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நேத்து படத்தைக் காட்டினேன்," என்றார் துரை ராவுத்தரிடம். "நீ ஆமான்ன."

"தொரை காட்டினா ஆமான்னு சொல்றதுதானே மரியாதை."

"ஆனை படம் காட்டினா?"

"ஆமாம்பேன் தொரை. ஆனையும் இங்க வரும். இதே சேத்துலதான். ஆனா ஆனைக்கு உப்பு சரியா இருந்துச்சு."

துரை எழுந்து நின்றார். நூற்றுக்கணக்கான உள்ளான்கள் ஒரே சீலையை உதறியதுபோல எழும்பின. கரண்டிமூக்கு அவற்றுக்குள் கலந்து கடல் பக்கம் திரும்பி மறைந்தது. துரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். ராவுத்தரின் பெயர் எழுதியிருந்த பக்கத்தை ஒரு முறை பார்த்தார். கிழித்துச் சேற்றில் போட்டு மிதித்தார்.

"இனிமே நீ தோட்டத்துக்குள்ள கால் வெச்சா, உன்னைச் சுட்டுப் பஞ்சு வெப்பேன்."

ராவுத்தர் குனிந்து சலாம் போட்டார். நிமிரும்போது சேற்றில் ஒரு துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. அதை எடுக்காமல் நடந்தார்.

அந்த வாரம் பெரட்டில் துரை திட்டிய திட்டில் ரப்பர் மரங்களே பாலைச் சுருக்கிக்கொண்டன. லயம் முழுவதும் ராவுத்தரைச் சபித்தது. ஆனால் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. அதனால் பெண்கள் தோட்டத்து வாசலுக்கு வெளியே ரோட்டோரம் வந்து வாங்கினார்கள், வாங்கிக்கொண்டே ஏசினார்கள்.

ஒரு நாள் இருளாயி கூடைக்கு முன்னால் குந்தினாள். சற்றுத் தள்ளிப் பத்துமலை கழன்ற சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டுகிற கை மெதுவாக இருந்தது. காது வேகமாக இருந்தது.

"நெசமாச் சொல்லுங்க ராவுத்தரே," என்றாள் இருளாயி. "அந்தக் கரண்டிமூக்கு இருந்துச்சா, இல்லியா? டிரசர் பாத்ததா மங்களம் அடிச்சுச் சொன்னுச்சே."

அன்று காலையில்தான் ராவுத்தர் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பழைய கழிக்கு அருகிலேயே மேய்ந்துகொண்டிருந்தது. சொல்ல ஆளில்லாமல் அந்தச் சேதி பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது.

"இல்லே," என்றார்.

இருளாயி காத்திருந்தாள். மேலே ஒன்றும் வரவில்லை. "அவ்வளவுதானா?" என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்ன ராவுத்தரே, ஒரு மாதிரி இருக்கீங்க? எதையோ மறைக்கிற மாதிரி இருக்குலா."

பத்துமலையின் கை நின்றது. செயின் தொங்கியது. அவன் தலையைத் தூக்கி ராவுத்தரைப் பார்த்தான்.

ராவுத்தர் தராசை எடுத்து, நிதானமாகத் துடைத்தார்.

"மறைக்க என்ன இருக்கு? இங்க இல்லேன்னுதான் சொன்னேன். ஈப்போவுக்குப் போயிருக்கு. கரண்டி தேஞ்சுபோச்சாம், ஈயம் பூசணுமாம். ரயில்ல ஏத்திவிட்டதே நான்தான். ரெண்டாங் கிளாஸ்லதான் போவேன்னு ஒரே அடம்."

"தூ!" என்றாள் இருளாயி.

பத்துமலை விழுந்து விழுந்து சிரித்தான். செயினை மாட்டி, ஏறி, பங்களா பக்கம் மிதித்துப் போனான். வளைவு திரும்பும் வரைக்கும் சிரிப்பு கேட்டது. அது கேட்காமல் போகிறவரை ராவுத்தர் தராசைக் கையில் பிடித்தபடியே இருந்தார். தட்டு இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"அரைக் காத்தி நெத்திலி போடுங்க," என்றாள் இருளாயி. "மண்ணு இல்லாததா பாத்து."